முதுகில் இல்லை, அக்குளுக்குக் கீழே: சைட்மவுண்ட் பழக நினைப்பவர்களுக்கு

பழைய பால்காரர் சைக்கிளைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கேன் தொங்கும். ஒரே கேனிலிருந்து ஊற்றிக்கொண்டே போனால் பாதித் தெருவில் சைக்கிள் சாயத் தொடங்கும், அதனால் இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி ஊற்றுவார். காற்றுச் சிலிண்டர்களை உடம்பின் இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு தண்ணீருக்கடியில் நீந்தும் சைட்மவுண்ட் ஸ்கூபாவில் பாதி இதுதான். அந்த இரண்டு கேனையும் எந்த உயரத்தில், எந்தக் கயிற்றில், எவ்வளவு இறுக்கிக் கட்டுவது என்பது மீதிப் பாதி. இரண்டையும் இந்தக் கட்டுரையில் சொல்லிவிடலாம், ஆனால் கை பழக உங்களுக்குச் சில மாதம் ஆகும்.

வழக்கமான ஸ்கூபாவில் ஒரு சிலிண்டர் முதுகில் இருக்கும். காற்றை நிரப்பியும் வெளியேற்றியும் மிதவையைக் கட்டுப்படுத்த உதவும் ஜாக்கெட்டில், அதாவது பி.சி.டி.யில், அதைப் பட்டி போட்டு இறுக்கி, ஸ்கூல் பை மாதிரி மாட்டிக்கொண்டு குதிக்க வேண்டியதுதான். சைட்மவுண்டில் சிலிண்டர் முதுகை விட்டு இறங்கிவிடும். இடதுபக்கம் ஒன்று, வலதுபக்கம் ஒன்று, அக்குளிலிருந்து தொடை வரை உடம்பை ஒட்டிப் படுத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி வாய்க்குத் தரும் ரெகுலேட்டர் தனி, மிச்சமிருக்கும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜ் தனி. இரண்டு சிலிண்டருக்கும் நடுவே எந்த இணைப்பும் கிடையாது. இந்தக் கடைசி வரியை மறக்காதீர்கள், பின்னால் சொல்லப்போகும் பல விஷயங்கள் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

இதை எந்தக் கம்பெனியும் உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. 1960களில் இங்கிலாந்தில் குகைகளுக்குள் தவழ்ந்து திரிந்தவர்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. மெண்டிப் மலைப்பகுதிக் குகைகளில் பாதை பெரும்பாலும் வறண்டிருக்கும், நடுவில் திடீரென்று கூரை வரை தண்ணீர் நிற்கும் ஒரு துண்டு வரும், அதைத் தாண்டினால் மறுபடி வறண்ட பாதை. அந்தத் துண்டைக் கடக்க மட்டும்தான் சிலிண்டர் வேண்டும், ஆனால் முதுகில் சிலிண்டரோடு அங்கே போய்ச் சேரவே முடியாது, இடுக்கு விடாது. சரி என்று இடுப்பு பெல்ட்டில் பக்கவாட்டில் தொங்கவிட்டுக்கொண்டு போனார்கள். ஒழுங்காக மிதக்கிறோமா என்ற கவலை அவர்களுக்கு இல்லை, ஊர்ந்துதானே போகிறார்கள்.

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு இது போனபோது கதை மாறியது. அங்கே குகைகள் முழுக்கத் தண்ணீருக்குள். அடியில் மண்டி படிந்திருக்கும், காலை ஒருமுறை தப்பாக அடித்தால் மண்டி கலங்கி உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. ஆக, பாய் விரித்தாற்போல் கிடையாக மிதக்க வேண்டும், தொங்கும் சிலிண்டர் உதவாது. சைக்கிள் டியூபை வெட்டி, வால்வை அக்குள் பக்கம் இழுத்துக் கட்டினார்கள். இன்றும் அடிப்படை அதுதான், டியூப் போய் எலாஸ்டிக் கயிறு வந்திருக்கிறது. 1990களில் லமார் ஹைர்ஸ் என்ற குகை டைவரின் முயற்சியில் டைவ் ரைட் நிறுவனம் சைட்மவுண்ட் சாமானைக் கடைக்குக் கொண்டுவந்தது. அப்புறம் மெக்சிகோவின் யுகடான் பகுதி. காட்டுக்கு நடுவே நிலம் உள்வாங்கி உண்டான தண்ணீர்க் குழிகள் அங்கே ஏராளம், செனோட்டே என்பார்கள். மேலிருந்து பார்த்தால் நம்மூர் பெரிய கிணறு மாதிரிதான் இருக்கும், ஆனால் அடியில் குகை ஓடும். 2018இல் சாக் ஆக்தூன், தோஸ் ஓஹோஸ் என்ற இரண்டு குகைகள் உள்ளே இணைகின்றன என்று டைவர்கள் கண்டுபிடித்தபோது மொத்த நீளம் 347 கிலோமீட்டர் என்று கணக்கிட்டார்கள். ஸ்டீவ் போகர்ட்ஸ் என்பவர் வடிவமைத்த ரேசர் என்ற மெல்லிய ஹார்னஸ், அதாவது சிலிண்டர்களை மாட்ட உடம்பில் கட்டும் பட்டிகள், அந்தப் பகுதியிலிருந்து வந்ததுதான்.

சரி, குகைக்கே போகாத நமக்கு இது எதற்கு? நியாயமான கேள்வி. முதுகுவலிக்காரர்களுக்கு இது பெரிய வரம், 17 கிலோ சிலிண்டரை முதுகில் ஏற்றிக்கொண்டு எழுந்து நடக்க வேண்டாம், ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய்த் தண்ணீரில் மாட்டிக்கொள்ளலாம். வால்வு கண்முன்னால் இருக்கிறது, கைக்கு எட்டுகிறது, எங்கிருந்து குமிழி கசிகிறது என்று திரும்பாமலே தெரியும். ஒன்று கோளாறானால் இன்னொன்று இருக்கிறது. இதெல்லாம் உண்மை. ஆனால் ஒரு பவளப்பாறை, 15 மீட்டர் ஆழம், 40 நிமிடம் என்றால் முதுகில் ஒரு சிலிண்டரே போதும் என்பதும் உண்மை, அதை யாரும் விளம்பரத்தில் போட மாட்டார்கள். அதோடு, அலை அடிக்கும் சின்னப் படகில் பத்துப் பேருக்கு நடுவில் இரண்டு சிலிண்டரை மாட்டிக்கொண்டு நிற்பவரைப் பார்த்து மற்ற ஒன்பது பேரும் பெருமூச்சு விடுவார்கள். அனுபவம்.

சாமானுக்கு வருவோம். எல்லோரும் முதலில் கேட்பது எந்த பிராண்டு வாங்கலாம் என்றுதான். நானும் அப்படித்தான் கேட்டேன், கேட்டதோடு நிற்காமல் வகுப்புக்கு முன்பே ஒருவரிடம் பாதி விலைக்கு ஒன்றை வாங்கியும் விட்டேன். அது குளிர்நாட்டில் இரண்டு ஸ்டீல் சிலிண்டரும் தடித்த உடையும் போட்டு இறங்குபவர்களுக்கான பெரிய சாமான். நான் இறங்குவதோ வெதுவெதுப்பான கடலில், 3 மில்லிமீட்டர் உடையில், அலுமினிய சிலிண்டரோடு. காற்றுப்பையில் பாதிகூட நிரப்பத் தேவையில்லாததால் உள்ளே காற்று அங்கும் இங்கும் உருண்டு என்னையும் சேர்த்து உருட்டியது. பயிற்சி தந்த அண்ணன் ஒரு டைவ் பார்த்துவிட்டு, "இதைக் கழட்டி ஓரமா வைங்க, முதல்ல நம்மகிட்ட இருக்கறதப் போடுங்க" என்றார். இன்னும் ஓரமாகத்தான் இருக்கிறது.

ஹார்னஸ் என்பது தோள், இடுப்பு, தொடையிடுக்கு என்று சுற்றி வரும் பட்டிகள். அதில் டி-ரிங் என்ற உலோக வளையங்கள், மார்பில் இரண்டு, இடுப்பில் ஒவ்வொரு பக்கமும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஸ்டீல் சிலிண்டர் மாட்டுபவர்களுக்குப் பின்னால் புட்டத்துக்கு மேல் ஒரு தகடோ கம்பியோ இருக்கும். முதுகோடு ஒட்டிக் கிடக்கும் காற்றுப்பைக்கு விங் என்று பெயர். தோள்பக்கம் ஒடுங்கி இடுப்புப்பக்கம் அகன்றிருக்கும், ஏனென்றால் கனம் இழுப்பது உடம்பின் கீழ்ப்பாதியில்தான், தூக்குவதும் அங்கேயே நடக்க வேண்டும். எக்ஸ்டீப் ஸ்டெல்த், ரேசர் மாதிரியானவை மெல்லியவை, டைவ் ரைட் நோமாட் மாதிரியானவை கொஞ்சம் கனத்தவை. இவற்றில் எது உசத்தி என்று மணிக்கணக்கில் சண்டை போட ஆட்கள் உண்டு. எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வம் போய்விட்டது. ஆயத்த சட்டையா, தைத்த சட்டையா என்பதுதான் இங்கே விஷயம், துணி எந்த மில் என்பது அப்புறம். எந்த ஹார்னஸானாலும் உங்கள் தோளகலத்துக்கும் முதுகு நீளத்துக்கும் வெட்டி, இழுத்து, மறுபடி தளர்த்தினால்தான் அது உங்களுடையது.

இருப்பதிலேயே மலிவான சாமான்தான் இருப்பதிலேயே அதிகம் படுத்தும். பங்ஜி என்ற எலாஸ்டிக் கயிறு, 6 அல்லது 8 மில்லிமீட்டர் தடிமன். முதுகின் மேல்பகுதியிலிருந்து அக்குள் வழியாக முன்னால் வந்து, சிலிண்டர் வால்வைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். சிலிண்டரின் கீழ்ப்பகுதியில் ஒரு பட்டியோ, தண்ணீர் பைப்புக்குப் போடுவோமே அந்த ஹோஸ் கிளிப்பின் பெரிய அண்ணனோ இருக்கும், அதில் சிறு கயிற்றால் கட்டிய கொக்கி இடுப்பு வளையத்தில் மாட்டும். ஆக, சிலிண்டரை இரண்டே இடம்தான் பிடித்திருக்கிறது, மேலே இழுபடும் கயிறு, கீழே கொக்கி. கயிறு நீளமானால் சிலிண்டரின் தலை வயிற்றுக்குக் கீழே தொங்கி, பக்கத்திலிருந்து பார்த்தால் பசுவின் மடி மாதிரி இருக்கும். குட்டையானால் வால்வில் மாட்டவே கை வராது, மாட்டிவிட்டாலும் தோள் வலிக்கும். கீழே உள்ள பட்டியைச் சிலிண்டரில் நான்கு விரல் மேலே ஏற்றினால் வால்வு விலா எலும்புக்கு இறங்கிவிடும், கீழே இறக்கினால் வால்வு தோளைத் தாண்டி முகத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். சரியான இடம் எது என்றால், வால்வின் திருகு அக்குளுக்குக் கீழே, கையை மடக்கினால் தானாகத் தட்டுப்பட வேண்டும். முதல் நாள் வகுப்பில் பாதி நேரம் கரையில் முடிச்சை அவிழ்த்துப் போட்டுக்கொண்டேதான் இருப்பீர்கள். பணம் கொடுத்துவிட்டு முடிச்சுப் போடுகிறோமே என்று எரிச்சல் வரும். அதுதான் வகுப்பு.

அடுத்தது சிலிண்டர். வெப்பக் கடல்களில் பெரும்பாலும் கிடைப்பது அலுமினியம் 80 என்ற வகை, கொள்ளளவு சுமார் 11 லிட்டர், 200 பார் அழுத்தத்துக்கு நிரப்புவார்கள். அதாவது வெளியே விட்டால் 2,200 லிட்டர் காற்று. காற்றுக்கு எடை உண்டு என்று பள்ளியில் படித்ததோடு மறந்திருப்போம், இங்கே அது உடம்பில் உறைக்கும், ஏனென்றால் அந்த 2,200 லிட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 2.7 கிலோ. நிரம்பிய சிலிண்டர் தண்ணீரில் லேசாக மூழ்கும். காலியாக ஆக, மூச்சோடு மூச்சாக அந்த எடை போய், கடைசியில் ஏறக்குறைய 2 கிலோ அளவுக்கு மேலே தூக்கும். வால்வும் ரெகுலேட்டரும் தலைப்பக்கம் கனமாக இருப்பதால் தூக்குவது வால்பக்கம் மட்டும். டைவ் பாதி முடியும்போது உங்கள் பின்பக்கம் இரண்டு சிலிண்டரும் வாத்து வால் மாதிரி மேலே நிமிர்ந்து நிற்கும். இதற்கு வைத்தியம் எளிது, இடுப்பில் பின்பக்க வளையத்தில் மாட்டிய கொக்கியைக் கழற்றி முன்பக்க வளையத்துக்கு மாற்ற வேண்டும், சிலிண்டர் மறுபடி படுத்துக்கொள்ளும். எப்போது மாற்றுவது என்று கண்ணாடி வைத்துப் பார்க்க முடியாதே, ஆகவே கூட வருபவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முதல் வீடியோவைப் பார்த்தபோது அதில் இருப்பது நான் இல்லை என்றே கொஞ்ச நேரம் வாதாடினேன்.

ஸ்டீல் சிலிண்டர் காலியானாலும் பெரும்பாலும் மிதக்காது, அதைப் பின்பக்கத் தகட்டில் மாட்டிவிட்டு மறந்துவிடலாம். ஆனால் மெல்லிய உடையில் இரண்டு ஸ்டீல் சிலிண்டர் என்றால், மூழ்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈயமே இல்லாமல்கூடக் கனம் கூடிவிடலாம்.

ஈயம் என்றதும் ஒன்று. எவ்வளவு வெயிட் போட வேண்டும் என்பதை டைவின் தொடக்கத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு அலுமினிய சிலிண்டரும் 50 பாருக்கு வந்து, 5 மீட்டரில் மூன்று நிமிடம் அசையாமல் நிற்கும்போது மேலே தூக்கக் கூடாது, அதுதான் அளவு. 200இலிருந்து 50 வரை இரண்டிலும் மூச்சு விட்டால் 4 கிலோ காற்று போயிருக்கும், ஆகவே இறங்கும்போது 4 கிலோ கூடுதல் கனத்தோடுதான் இறங்குவீர்கள். அதை விங் தாங்கும். இடுப்பு பெல்ட்டில் எல்லாவற்றையும் கோக்காமல் முதுகெலும்பு நெடுக சின்னச் சின்னதாக வைத்தால் கால் தொங்காது.

ரெகுலேட்டர் இரண்டு செட் வேண்டும், செலவு எகிறுவது இங்கேதான். கவ்விப் பிடிக்கும் யோக் வகையைவிட, திருகி மாட்டும் டின் வகை நல்லது, துருத்திக்கொண்டு எதிலும் மாட்டாது. தலைப்பகுதி சுழலும் மாடல் என்றால் ஹோஸ்களை வேண்டிய பக்கம் திருப்பலாம். வலது சிலிண்டரில் 2 மீட்டர் நீள ஹோஸ், மார்புக்குக் குறுக்கே போய்க் கழுத்துக்குப் பின்னால் சுற்றி வாய்க்கு வரும். இடது சிலிண்டரில் குட்டை ஹோஸ், அதன் வாய்ப்பகுதியை எலாஸ்டிக்கில் கோத்துக் கழுத்தில் தாலி மாதிரி தொங்கவிடுவார்கள், குனிந்தால் வாயில் கிடைக்கும். நீள ஹோஸ் உங்களுக்காக இல்லை, காற்று தீர்ந்த கூட்டாளிக்காக. அவர் கேட்டால் எப்போதும் நீளமானதுதான் கொடுக்கப்படும், அது உங்கள் வாயில் இருந்தாலும் சரி, மார்பு வளையத்தில் மாட்டியிருந்தாலும் சரி. கேஜ்கள் 15 சென்டிமீட்டர் ஹோஸில், சிலிண்டரோடு ஒட்டி, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. விங்குக்குக் காற்று தரும் ஹோஸ் வழக்கமாக இடது சிலிண்டரிலிருந்து வரும். அதனால் இடதைக் காலி செய்துவிட்டு நின்றால் விங்கை வாயால்தான் ஊத வேண்டும்.

இடது, வலது என்று வால்வுகளே தனித்தனியாக உண்டு, திருகு இரண்டு பக்கமும் வெளியே பார்த்திருக்கும்படி. எல்லா டைவ் கடையிலும் இடது வால்வு இருக்காது. முன்கூட்டியே கேளுங்கள், இல்லையென்றால் இரண்டு வலது வால்வோடு ஹோஸ்களை வேறு மாதிரி அடுக்க வேண்டி வரும், முடியாதது இல்லை, ஆனால் படகில் வைத்து யோசிக்கிற விஷயம் இல்லை.

இப்போது பால்காரரிடம் திரும்புவோம். இரண்டு சிலிண்டருக்கும் இணைப்பு கிடையாது என்றேன் அல்லவா? முதுகில் இரட்டைச் சிலிண்டர் போடுபவர்களுக்கு நடுவில் ஒரு குழாய் இருக்கும், ஒரு ரெகுலேட்டர் கெட்டுப்போனால் அதை மூடிவிட்டு இன்னொன்றின் வழியாக இரண்டு சிலிண்டர் காற்றையும் இழுக்கலாம். நமக்கு அந்த வசதி இல்லை. வலது ரெகுலேட்டர் போனால் வலது சிலிண்டர் காற்றும் கிட்டத்தட்ட போனது போலத்தான். வால்வைத் தேவைக்கேற்பத் திறந்து திறந்து மூடி மூச்சு விடும் வித்தை ஒன்று உண்டு, வகுப்பில் சொல்லித் தருவார்கள், ஆனால் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. ஆகவே எந்த நொடியிலும் இரண்டில் எந்த ஒன்றும் உங்களை மேலே கொண்டுவரப் போதுமானதாக இருக்க வேண்டும்.

நான் செய்வது இது. வலதில் தொடங்கி 200இலிருந்து 170 வரை. அப்புறம் இடதுக்கு மாறி 200இலிருந்து 140 வரை. மறுபடி வலது, 170இலிருந்து 110. இடது, 140இலிருந்து 80. முதல் முறை 30, அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் 60. எழுதிப் பார்த்தால் தெரியும், எந்த நேரத்திலும் இரண்டுக்கும் வித்தியாசம் 30 பாரைத் தாண்டாது. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 3 மடங்கு, மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுபவர் அங்கே 60 லிட்டர் விடுவார், 30 பார் என்பது 330 லிட்டர், ஆக ஐந்தரை நிமிடம். அடுத்தடுத்து பதினொரு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றம். இது தெரிந்தால் கேஜைப் பார்க்க வேண்டிய நேரம் உங்களுக்கே உள்ளுக்குள் அடிக்கும். எடைக்கும் இதே கணக்குதான், ஒரு பக்கம் மட்டும் 100 பார் இழுத்துவிட்டால் அந்தப் பக்கம் 1.3 கிலோ குறைந்து உடம்பு சாயும்.

மாற்றுவது என்பது வாயிலிருந்து ஒன்றை எடுத்து இன்னொன்றை வைப்பது, அவ்வளவுதான். ஆனால் நீள ஹோஸை எடுத்தால் அதை உடனே மார்பு வளையத்தில் மாட்ட வேண்டும், மிதக்க விடக் கூடாது, கழுத்து எலாஸ்டிக்குக்கு அடியில் சிக்கியிருக்கவும் கூடாது. கொடுக்க வேண்டிய நேரத்தில் சிக்கிக்கொண்டால் கூட்டாளி உங்கள் கழுத்தோடு சேர்த்து இழுப்பார். டி.வி. பார்த்துக்கொண்டே சோபாவில் உட்கார்ந்து ரெகுலேட்டரை மாற்றிப் பழகியவர்களை எனக்குத் தெரியும். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

வகுப்பு எப்படி இருக்கும்? பி.ஏ.டி.ஐ. என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் சைட்மவுண்ட் வகுப்புக்கு, ஸ்கூபாவின் அடிப்படைச் சான்றிதழான ஓப்பன் வாட்டரும் 15 வயதும் போதும். நீச்சல் குளம் மாதிரி அடக்கமான தண்ணீரில் ஒரு முறை, திறந்த தண்ணீரில் மூன்று டைவ். எஸ்.டி.ஐ. போன்ற வேறு அமைப்புகளும் நடத்துகின்றன. ரெகுலேட்டர் மாற்றுவது, நீள ஹோஸைக் கொடுப்பது, வால்வை மூடித் திறப்பது, ஒரு சிலிண்டரின் கொக்கியைக் கழற்றி முன்னால் நீட்டிப் பிடித்து நீந்திவிட்டு மறுபடி மாட்டுவது, தவளை மாதிரி கால் அடிப்பது, பின்பக்கமாக நகர்வது, இவைதான் பாடம். சான்றிதழுக்கு மூன்று டைவ் போதும், உங்களுக்குப் போதாது. கையை ஆட்டாமல் ஒரே ஆழத்தில் ஒரு நிமிடம் நிற்க இன்னும் வரவில்லை என்றால் சைட்மவுண்டைத் தள்ளிப்போடுங்கள், முதலில் அதைச் சரி செய்யுங்கள். இரண்டு சிலிண்டர் உங்கள் மிதவைக் குறையை மறைக்காது, இரட்டிப்பாக்கிக் காட்டும்.

பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்று கேளுங்கள்: நீங்கள் உங்கள் சொந்த டைவ்களுக்கு எதைப் போடுவீர்கள்? சைட்மவுண்ட் என்று பதில் வந்தால் நல்லது. வகுப்புக்கு மட்டும் அலமாரியிலிருந்து எடுப்பவரிடம் முடிச்சின் நுணுக்கம் கிடைக்காது.

இன்னொன்று, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சைட்மவுண்ட் சான்றிதழ் குகைக்குள்ளோ கப்பல் சிதைவுக்குள்ளோ போகும் அனுமதி இல்லை. மேலே கூரை இருக்கும் எந்த இடத்துக்கும் தனி வகுப்பு உண்டு. அங்கே காற்றை மூன்றாகப் பிரிப்பார்கள், போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மிச்சம் ஒரு பங்கு ஆபத்துக்கு. வழிகாட்டிக் கயிறு, மூன்று விளக்கு என்று அதன் ஒழுங்கே வேறு. ஃப்ளோரிடா குகைகளின் வாசலில் தண்ணீருக்கு அடியில் எமன் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பார்கள். வைத்ததற்குக் காரணம் இருக்கிறது, உள்ளே போய்த் திரும்பாதவர்களில் பயிற்சியாளர்களும் உண்டு.

எப்போது வாங்கலாம் என்று கேட்டால், கடைச் சாமானில் பத்து டைவாவது போன பிறகு. முதலில் வாங்க வேண்டியது ஹார்னஸ், அதுதான் உடம்போடு போவது. அடுத்தது ரெகுலேட்டர். சிலிண்டரை வாங்கவே வேண்டாம், போகும் இடத்தில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால், கடை ஹார்னஸில் எல்லாம் சரியாக அமைந்த ஒரு நாள் வரும், சிலிண்டர் படுத்திருக்கும், கால் தொங்காது, வால்வு கைக்கு வரும். அன்று கரைக்கு வந்ததும் எதையும் அவிழ்க்காமல் ஒரு டேப்பை எடுத்து அளந்து எழுதிவையுங்கள். பங்ஜி முடிச்சுக்கு முடிச்சு எத்தனை சென்டிமீட்டர், பட்டி சிலிண்டரின் அடியிலிருந்து எத்தனை விரல், தோள் பட்டி எவ்வளவு நீளம், எந்த உடை, எத்தனை கிலோ ஈயம், அதில் எவ்வளவு முதுகில், எத்தனை பாரில் கொக்கியை முன்னால் மாற்றினீர்கள். அடுத்த ஊரில் வேறு கடை, வேறு ஹார்னஸ், வேறு படகு. அந்த ஒரு பக்கத் தாள் இருந்தால் அங்கே பத்து நிமிடத்தில் தயாராகிவிடலாம்.